தழும்பை மறைக்க விரும்புவது குற்றமன்று

தீக்காயப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளியின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைந்திருக்கும். எந்த மருந்தை எத்தனை வேளை கொடுப்பது, எப்போது குளிக்கலாம், மறுபடியும் எப்போது வரவேண்டும் என்றெல்லாம் கேட்டு முடித்துப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை செல்வார்கள். அங்கிருந்து ஒருவர் மட்டும் திரும்பி வருவார். பெரும்பாலும் அவர் தாயாக இருப்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தத் தழும்பு போய்விடுமா?" என்று கேட்பார்.

அக்கேள்விக்கு நாங்கள் நெடுங்காலம் ஒரே விடையைச் சொல்லி வந்தோம். "உயிர் பிழைத்ததே பெரிது, அம்மா. தழும்பைப் பற்றி இப்போது என்ன கவலை?" என்பதே அது. அந்த விடை பொய்யன்று. ஆனால் கேட்ட கேள்விக்கு விடையும் அன்று. உயிர் பிழைத்தவர் அதன்பிறகு ஐம்பது ஆண்டுகள் அந்தத் தோலுக்குள்தான் வாழவேண்டும் என்பதை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை.

தழும்பின் நிறத்தை அருகிலுள்ள தோலின் நிறத்தோடு ஒத்துப்போகச் செய்யும் மருத்துவப் பச்சை குத்துதலைப் பற்றி இப்போது நோயாளிகள் தாமாகவே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கைப்பேசியில் பார்த்த படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். "இது வீண் ஆடம்பரம்" என்று சிலர் தள்ளுகிறார்கள். "தழும்பே இருக்காது" என்று வேறு சிலர் வாக்களிக்கிறார்கள். இவ்விரண்டு பேச்சுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட குடும்பங்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் எல்லாத் தழும்புக்கும் உரிய சிகிச்சையன்று. யாருடைய உடம்போ, அவருடைய முடிவாக மட்டுமே இது இருக்கவேண்டும்.

பழைய கலை, புதிய பயன்

பச்சை குத்துவது நமக்குப் புதிதன்று. குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய காலத்தை முதியோர் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, புதுச்சட்டியின் உட்புறத்தில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்து மை செய்வது அவர்களுடைய முறைகளுள் ஒன்று. கரி கறுப்புதான். ஆயினும் தோலுக்கு அடியில் தங்கிய கரித்துகள் வெளிச்சத்தில் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றும். இக்கலைக்குப் 'பச்சை' என்னும் பெயர் பொருந்தியிருப்பது அதனாலேயே.

உடலில் குறியிடுவதற்கும் நோய்க்கும் உள்ள உறவும் பழமையானதே. 1991ஆம் ஆண்டு ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகள் உள்ளன. அவற்றுள் பல, தேய்மானம் கண்டிருந்த முதுகெலும்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் அமைந்திருப்பதால், அவை வலி தீர்க்கக் குத்தப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தழும்பை மறைக்கப் பச்சை குத்தும் வழக்கம் கண் மருத்துவத்தில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. கண்ணில் 'பூ விழுந்தது' என்று நாம் சொல்வோமே, கருவிழியில் ஏற்படும் அந்த வெண்ணிறத் தழும்பின்மீது 1869ஆம் ஆண்டு லூயி வெக்கர் என்னும் கண் மருத்துவர் கறுப்பு மையைக் குத்தி மறைத்தார். பார்வை திரும்பாது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். எதிரில் நிற்பவர் முகம் சுளிக்காமல் பேசவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1945இல் அமெரிக்க அறுவை மருத்துவர் லூயிஸ் பையர்ஸ், வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய தோலின் நிறத்தைப் பச்சை குத்திச் சரிசெய்வதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பின்னர் மார்பகப் புற்றுநோய்க்காக மார்பு அகற்றப்பட்ட பெண்களுக்கு, மார்புக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை வரைந்து தருவதற்கு இம்முறை பரவலாகப் பயன்பட்டது. இன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இப்பணியைச் செய்கிறார்கள்.

தோலுக்கடியில் நடப்பது

நம் தோலின் மேலடுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அங்கே இட்ட நிறம் அதனோடு உதிர்ந்துபோகும். ஆகவே நுண்ணிய ஊசிகளால் ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்தில், அடித்தோலில் நிறமி இடப்படுகிறது. உடலின் காவல் அணுக்கள் அந்த நிறத்துகள்களை அயலாகக் கருதி விழுங்கிவிடுகின்றன; ஆனால் செரிக்க இயலாமல் தம்முள்ளேயே வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு மடிந்தால் அது விட்ட துகளை அருகிலுள்ள அணு விழுங்கிக்கொள்ளும். பச்சை நிலைத்து நிற்கும் மறைபொருள் இதுவே.

ஆழ்ந்த காயம் ஆறும்போது உடல் தன் பழைய தோலை மீண்டும் நெய்வதில்லை. கொலாஜன் என்னும் நாரை அவசரமாக அடுக்கி ஒட்டுப்போடுகிறது. அந்த ஒட்டில் மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை, தோலின் இயல்பான வரிகளும் இல்லை. நிறம் தரும் அணுக்கள் அழிந்திருந்தால் அவ்விடம் வெளுத்தே இருக்கும். நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில் அந்த வெளுப்பு தொலைவிலிருந்தும் கண்ணில் படும். மருத்துவப் பச்சை செய்வதெல்லாம் அந்த நிற வேறுபாட்டைக் குறைப்பதுதான். இதற்கு வெறும் கரி உதவாது. மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிறங்களிலுள்ள இரும்பு ஆக்சைடு நிறமிகளைக் கலந்து, நோயாளியின் தோலருகே வைத்து ஒப்பிட்டு நிறம் கூட்டவேண்டும். ஒரே மனிதரின் உள்ளங்கையும் புறங்கையும் கன்னமும் ஒரே நிறமல்ல என்பதை நினைத்தால் இதன் கடினம் விளங்கும்.

எங்கே பயன்படும், எங்கே பயன்படாது

தட்டையான, வெளுத்த, நன்கு முதிர்ந்த தழும்புகளில் இது நல்ல பலன் தரும். தீயில் பொசுங்கிய புருவத்துக்கு மயிரிழைகள்போல் கோடுகள் வரையலாம். பிளவுண்ட உதட்டைத் தைத்தபின் உதட்டின் எல்லைக்கோடு முறிந்திருந்தால் அதைச் சீராக்கலாம். தலையில் அறுவைத் தழும்பு முடியின்றித் தெரிந்தால், மழித்த முடியின் புள்ளிகளைப்போல் குத்தி மறைக்கலாம். மார்பு அகற்றப்பட்டவருக்கு நிழலும் ஒளியும் கூட்டி, தட்டையான தோலிலும் காம்பு எழுந்து நிற்பதுபோல் காட்டலாம்.

மேடான தழும்புக்கு நிறம் பூசினாலும் மேடு மேடாகவே இருக்கும். அதன் நிழல் விழத்தான் செய்யும். சுருங்கி இழுக்கும் தழும்புக்குத் தேவை அறுவையும் உடற்பயிற்சியும், நிறமன்று. கழுத்தைத் திருப்ப முடியாதவருக்குக் கழுத்தின் நிறத்தை மாற்றித் தருவது அவரை ஏமாற்றுவதாகும். மார்பு, தோள், காதுமடல் ஆகிய இடங்களில் காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டு என்னும் தடித்த தழும்பு உடையவர்கள் இப்பக்கமே வரவேண்டாம் என்போம். கருநிறத் தோலில் இத்தன்மை மிகுதி. ஊசி குத்துவதும் ஒரு காயமே. பழைய தழும்பை மறைக்கப் போய்ப் புதிய தழும்பை வளர்த்துக்கொள்ள நேரிடும்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புள்ளிகள் பரவிக்கொண்டிருக்கும் காலத்தில் ஊசி பட்ட இடத்திலேயே புதிய வெண்புள்ளி தோன்றக்கூடும். குறைந்தது ஓராண்டேனும் பரவாமல் நின்ற பிறகே, அதுவும் உதடு போன்ற, பிற சிகிச்சைகள் எளிதில் பலிக்காத இடங்களில் இதைப் பற்றி எண்ணலாம்.

இவை அனைத்தையும்விட முதன்மையானது காலம். தழும்பு முதிர்வதற்குப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் ஆகும். சிவந்தும் அரித்தும் இருக்கும் தழும்பு இன்னும் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். அதன் இறுதி நிறம் என்னவென்று அதற்கே தெரியாது. அதற்குமுன் நிறம் குத்துவது, காயாத சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு ஒப்பாகும்.

நாங்கள் செய்த பிழை

இங்கே எங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய தாயார் எங்களிடம் அழைத்துவந்தார். அடுப்படி விபத்தில் கழுத்தும் தாடையும் வெந்து, ஒரு புருவம் பாதிக்குமேல் போயிருந்தது. விபத்து நடந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன. "தை பிறந்தால் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் கழுத்தை மட்டும் சரிசெய்து கொடுங்கள்" என்றார் தாயார். தழும்பு இன்னும் முதிரவில்லை என்று விளக்கினோம். அவர் மீண்டும் வந்தார், மீண்டும் விளக்கினோம். மூன்று முறை இப்படி நடந்தது. மூன்று முறையும் அந்தப் பெண் அருகிலேயே அமர்ந்திருந்தாள். அவளிடம் நாங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மூன்றாம் முறை அவர்கள் சென்றபின், கட்டுமாற்றும் அறையில் பணிபுரியும் செவிலியர் ஒருவர்தான் அதைச் சுட்டிக்காட்டினார். "நீங்கள் எல்லாரும் அந்த அம்மாவின் கழுத்துக்கா வைத்தியம் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த முறை தாயாரை வெளியே அமரச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் பேசினோம். அவள் கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துப்பட்டா இருக்கிறது, அதற்குமேல் யார் பார்க்கிறார்கள் என்றாள். துணிக்கடையில் பில் போடும் இடத்தில் அவளுக்கு வேலை. பணம் கொடுப்பவர்கள் முதலில் புருவத்தைப் பார்க்கிறார்கள், பிறகு "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத் தன் கதையைச் சொல்வது என்று கேட்டாள். "எனக்குப் புருவம் மட்டும் போதும்" என்றாள்.

காத்திருந்து, தழும்பு முதிர்ந்தபின் அவளுக்குப் புருவம் வரையப்பட்டது. கழுத்துத் தழும்பு தடித்த வகையைச் சேர்ந்ததாகையால் அதைத் தொடவில்லை. அதற்குச் சிலிக்கான் தாளும் அழுத்தப் பட்டையும் தொடர்ந்தன. அந்தத் தை மாதத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் வேலையும் அன்று. கடையில் இப்போது பில்லைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள் என்று அவள் சொன்னதை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. தழும்பு மறைப்பைப் பற்றி யார் கேட்டு வந்தாலும், தழும்பு உடையவரிடம் தனியாக ஒருமுறை பேசாமல் நாள் குறிப்பதில்லை.

"இந்த வயதில் எதற்கு?"

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துகளை நாங்கள் எளிதாகத் தள்ளவில்லை. அவற்றுள் முதலாவது, இது ஆடம்பரம் என்பது. மார்பக அறுவை முடிந்து ஆண்டுகள் கடந்த, ஐம்பதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டபோது, உடன் வந்திருந்த கணவர், "இந்த வயதில் எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை; மனைவி மீண்டும் ஊசிக்கு ஆளாகவேண்டாமே என்ற பரிவோடுதான் சொன்னார். அந்த அம்மையார் அமைதியாக, "குளிக்கும்போது நான் பார்க்கிறேனே" என்றார். அதற்குமேல் அந்த அறையில் யாரும் வாதாடவில்லை.

சட்டமும் காப்பீடும்கூட இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்துள்ளன. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் அழகுக்கான சிகிச்சைகள் விலக்கப்பட்டிருந்தாலும், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதி கூறுகிறது. அமெரிக்காவில், மார்பக நீக்கத்துக்குச் செலவு தரும் காப்பீடு மார்பக மறுசீரமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும் செலவு தரவேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அமில வீச்சுக்கு ஆளானோரை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. முகத்தின் வடு ஒருவரின் வாழ்வைக் குறுக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தர அல்லது கடும் தீக்காயத்துக்கு ஆளாகின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. இத்தனை பேரின் தேவையை ஆடம்பரம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடியாது. தீக்காயத்துக்கும் புற்றுநோய்க்கும் பிந்தைய நிறச் சீரமைப்பை மறுசீரமைப்பாகவே காப்பீட்டு நிறுவனங்கள் கருதவேண்டும். அரசு மருத்துவமனைகளில் செவிலியர்களுக்கு இதில் பயிற்சி தரப்படவேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. "தழும்பில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உலகம்தான் மாறவேண்டும், உடம்பு ஏன் மாறவேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதைச் சொல்பவர்களில் தழும்போடு தலைநிமிர்ந்து நடப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் வணங்குகிறோம். தழும்பின் பொருள் தோலில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்பது நம் பழந்தமிழ் மரபே காட்டும் உண்மை. மார்பில் பட்ட விழுப்புண் பெருமை. முதுகில் பட்ட புறப்புண் இழிவு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமன்னனை நாம் அறிவோம். மார்பைத் துளைத்த வேலே முதுகுவரை சென்றது. காயம் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. நம்மில் மூத்தவர்கள் பலருடைய கையில் அம்மை குத்திய வடு காசளவு பெரிதாக இருக்கிறது. அதை யாரும் மறைப்பதில்லை, யாரும் விசாரிப்பதுமில்லை. எல்லாரிடமும் இருப்பதால் அது வடுவாகவே தெரிவதில்லை.

ஆனாலும், உலகம் மாறும்வரை காத்திருக்கும் சுமையை ஏற்கெனவே வலியைச் சுமந்தவர்மீதே ஏற்றுவது நேர்மையாகாது. உலகத்தைத் திருத்தும் கடமை நம் அனைவருக்கும் உரியது. தன் தோலைப் பற்றிய முடிவோ ஒருவருக்கே உரியது. மறைப்பவரைக் கோழை என்பதும், மறைக்காதவரை அலங்கோலம் என்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்களே.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

திருமணத்தை முன்னிட்டு வருபவர்களிடம் நாங்கள் ஒன்றைத் தயங்காமல் சொல்கிறோம். மருத்துவப் பச்சை, பிறர் கண்ணைத் தணிக்கலாம். நடந்ததை இல்லையென்று ஆக்காது. தொட்டுப் பார்த்தால் தழும்பு தெரியும். உண்மையைச் சொல்லாமல் நிறத்தை நம்பித் தொடங்கும் உறவில் அந்தப் பெண்ணோ ஆணோ நாள்தோறும் அச்சத்தோடு வாழவேண்டியிருக்கும். முதலில் சொல்லுங்கள், பிறகு வேண்டுமானால் மறையுங்கள்.

குழந்தைகளின் தழும்புக்கு அவசரப்படாதீர்கள். உடம்பு வளரும்போது தழும்பும் விரிந்து நகரும். இன்று சரியாக அமைந்த நிறமும் கோடும் நாளை இடம் மாறி நிற்கும். அதனினும் முக்கியமாக, தனக்கு இது வேண்டுமா என்று சொல்லும் வயது அவர்களுக்கு வரட்டும். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்றால் முதலில் பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் பேசுங்கள். அதற்கு எங்கள் சமூகப் பணியாளர் உடன் வரத் தயாராக இருக்கிறார்.

விலை குறைவு என்பதற்காகக் கண்ட இடத்தில் கையை நீட்டாதீர்கள். கட்டட வேலை செய்யும் இளைஞர் ஒருவர் முன்கையிலிருந்த வெண்தழும்பை ஓரிடத்தில் தோல் நிறத்தில் குத்திக்கொண்டு வந்தார். மழைக்காலத்தில் பொருத்தமாகத்தான் இருந்தது. வெயில் காலம் வந்ததும் கையெல்லாம் கறுத்தது. குத்திய இடம் மட்டும் கறுக்கவில்லை. நிறமிக்கு வெயில் தெரியாது. முன்பு வெள்ளையாகத் தெரிந்த தழும்பு இப்போது சாம்பல் கலந்த திட்டாகத் தெரிகிறது. லேசர் கொண்டு அழித்துவிடலாமே என்று கேட்டார். வெண்மையும் தோல்நிறமும் தரும் நிறமிகள் லேசர் பட்டால் வெளுக்காமல் மேலும் கறுத்துவிடக்கூடும். குத்துவதைவிட நீக்குவது கடினம் என்பதைத் தொடங்குமுன்னரே அவருக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

ஆகவே, எங்கு சென்றாலும் சிலவற்றைக் கேட்டுத் தெளியுங்கள். ஊசி உங்கள் கண்முன் புதிதாகப் பிரிக்கப்படுகிறதா? நிறமியைப் புதிய கிண்ணத்தில் ஊற்றுகிறார்களா? மஞ்சட்காமாலையின் பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தூய்மையற்ற ஊசியின் வழியே பரவக்கூடும். முதலில் கண்ணில் படாத சிறு இடத்தில் குத்திப் பார்த்து, சில வாரங்கள் காத்திருக்கிறார்களா? ஒரே அமர்வில் முடித்துத் தருவதாகச் சொன்னால் ஐயப்படுங்கள். தழும்பு நிறத்தைச் சீராக ஏற்காது. இரண்டு மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மாதமோ அதற்கு மேலோ தேவைப்படும். குத்திய அன்று நிறம் அடர்ந்து தெரியும், ஆறியபின் வெளுக்கும். சில ஆண்டுகளில் மங்கி, மீண்டும் தொட்டுத் திருத்த வேண்டியும் வரும்.

உங்களைப் பற்றிய செய்திகளையும் மறைக்காதீர்கள். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்து, ஒவ்வாமை, முன்பு வந்த தடித்த தழும்பு, உதட்டில் அடிக்கடி வரும் அக்கி ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். கருவுற்றிருந்தால் தள்ளிவையுங்கள். கதிர்வீச்சு பெற்ற தோல் மெலிந்திருக்கும். புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அதில் ஊசி படக்கூடாது. நிறத்துகள்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று தங்குவதும் உண்டு. பிற்காலத்தில் பரிசோதனை செய்பவர் அதை வேறொன்றாகக் கருதிவிடாதிருக்க, பச்சை குத்தியிருப்பதைத் தெரிவியுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் சொல்லுங்கள், அரிதாக அவ்விடத்தில் சூடு தோன்றலாம். அதற்காக எம்.ஆர்.ஐ.யைத் தவிர்க்கவேண்டியதில்லை. பச்சை குத்தியபின் பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்த தானம் செய்ய இயலாது.

இவ்வளவும் படித்தபின், "எனக்கு இது வேண்டாம்" என்று நீங்கள் முடிவு செய்தால், அதுவும் முழுமையான முடிவே. தழும்புக்கு எண்ணெய் தடவி, வெயில் படாமல் காத்து, அரிப்பு வந்தால் எங்களிடம் வந்து காட்டிக்கொண்டு, அப்படியே வாழலாம். "வேண்டும்" என்று முடிவு செய்தால், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. தழும்பு முதிரும்வரை பொறுத்திருங்கள், முதிர்ந்ததும் வாருங்கள்.

வாசல்வரை சென்று திரும்பி வரும் தாய்மாருக்கு எங்கள் இன்றைய விடை இதுதான்: "தழும்பு போகாது, அம்மா. ஆனால் அது தெரியும் அளவைக் குறைக்க வழியிருக்கிறது. ஓராண்டு கழித்து உங்கள் பிள்ளையை அழைத்து வாருங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்போம்."